பத்தாயியும் சாத்துக்குடியும் ஒன்றா? அப்படியானால் ஆரஞ்சு எது?

ஒன்றுதான். ஆந்திரத்துச் சித்தூர்ப் பக்கம் பழ வண்டியில் நாம் "சாத்துக்குடி" என்று கேட்போம், கடைக்காரர் "பத்தாயியா?" என்று கேட்டபடியே எடைபோடுவார். தாவரவியலில் இதன் பெயர் சிட்ரஸ் × சைனென்சிஸ். 'சைனென்சிஸ்' என்றால் சீனத்தைச் சேர்ந்தது. நடுவிலுள்ள பெருக்கல் குறி, இது கலப்பினம் என்று சொல்ல: பம்பளிமாசும் மாண்டரின் ஆரஞ்சும் கலந்து வந்த பழம். ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இதைக் கசப்பு நாரத்தையின் ஒரு வகையாகத்தான் வைத்தார். தனி இனமாகப் பிரித்தது அவருடைய மாணவர் ஓஸ்பெக், 1765இல். குடும்பம் ரூட்டேசி. நம் கறிவேப்பிலை, வில்வம், விளா எல்லாம் இதற்குப் பங்காளிகள். இலையைக் கசக்கி முகர்ந்தாலே தெரிந்துவிடும்.

குழப்பமே பெயரில்தான். நாம் சும்மா 'ஆரஞ்சு' என்று வாங்குவது பெரும்பாலும் கமலா, அதாவது மாண்டரின். அதன் தோல் தொளதொளவென்று நகம் பட்டாலே கழன்று வரும். சாத்துக்குடியின் தோல் சுளையோடு ஒட்டிக்கொண்டிருக்கும், கத்தி வேண்டும். ஆக, புத்தகத்தில் 'ஸ்வீட் ஆரஞ்சு' என்று போட்டிருந்தால் அது நம் சாத்துக்குடிதான். பச்சையாக இருக்கிறதே என்று சந்தேகப்பட வேண்டாம். இரவில் குளிர் விழுந்தால்தான் தோலின் பச்சையம் கரைந்து ஆரஞ்சு நிறம் ஏறும். நம் வெயிலில் அது எங்கே! கடையில் மஞ்சள் மஞ்சளாக அடுக்கி வைக்கும் மால்டாவும் இதே இனம்தான்.

அப்புறம், பாலக்காட்டுப் பக்கம் போனால் வெறும் 'நாரங்ஙா' என்று கேட்காதீர்கள், எலுமிச்சைதான் கைக்கு வரும். 'மதுரநாரங்ஙா' என்று கேளுங்கள்.