எண்ணூறு மீட்டர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் பெரம்பூர்க்காரன். ஒன்பது ஆண்டுகளாக மொன்டானாவில் வேலை. உரிமம் எடுத்து எல்க் மான் வேட்டைக்குப் போகிறேன். துப்பாக்கிக் குண்டுகளைக் கார் ஷெட்டில் நானே செய்கிறேன். செம்பு உறைக்குள் ஈயத்தை வைத்து அச்சில் அழுத்தி, ஒவ்வொன்றாக எடைபோட்டு எடுக்கிறேன். இந்த முறை 800 மீட்டரிலிருந்து சுட ஆசை. வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானையில் தொடங்கி உடும்பு வரை துளைத்ததே! ஆனால் அம்மா ஃபோனில் "பாவம்டா" என்கிறாள். உடம்பில் பட்டதும் முனை விரியும் குண்டு போரிலேயே தடை என்கிறார் அண்ணன். இது கலையா, பாவமா? வேட்டை பற்றித் தமிழில் நல்ல புத்தகம் இருந்தால் சொல்லுங்கள்.

ர.

அன்புள்ள ர.,

பாவக் கணக்கு எனக்குத் தெரியாது. நேற்று ராத்திரிதான் மட்டன் சுக்கா சாப்பிட்டேன். அம்மாவை நீங்களே சமாளியுங்கள். அண்ணன் சொல்வது பாதி சரி. அந்தக் குண்டைத் தடைசெய்த 1899 ஹேக் பிரகடனம் போருக்கு மட்டும்தான். பிரிட்டனில் மானைச் சுட விரியும் குண்டைத்தான் சட்டமே கேட்கிறது, மிருகம் இழுபடாமல் சாகட்டும் என்று.

என்னைப் பிடித்து நிறுத்தியது உங்கள் தராசு. என் சித்தப்பா அம்பத்தூரில் லேத் ஓட்டியவர். போன மாதம் போய்விட்டார். அவருடைய மைக்ரோமீட்டர் இப்போது என் மேஜையில் கிடக்கிறது. முடியிழை அளவு பிசகினாலும் பீஸைத் தூக்கி எறிந்துவிடுவார். அந்த வெறி உங்களிடமும் இருக்கிறது. அதைக் கலை என்றே வைத்துக்கொள்ளுங்கள், எனக்குச் சந்தோஷம்தான்.

பத்து வயதில் அவர் பட்டறையிலிருந்து பால்ரஸ் திருடி உண்டிகோலில் வைத்து அடிப்பேன். கூழாங்கல் எங்கேயாவது போகும், பால்ரஸ் நேராகப் போகும். ஒருநாள் கொரட்டூர் ஏரியில் வெகுதூரத்தில் நின்ற தாழைக்கோழியை அடித்தேன். பட்டது. பறவை ஒரு பக்கமாகச் சாய்ந்து, இறக்கையை இழுத்துக்கொண்டு கோரைக்குள் போய்விட்டது. பெருமையாக வந்து சொன்னேன். சித்தப்பா அடிக்கவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு என்னை ஏரிக்கே கூட்டிப்போனார். "அடிச்சவன்தான் தேடணும்." முழங்கால் சேற்றில் ஒன்பது மணி வரை தேடினோம். கிடைக்கவில்லை.

இப்போது உங்கள் 800 மீட்டருக்கு வருவோம். குண்டு என்னதான் பிசகில்லாமல் இருந்தாலும் அவ்வளவு தூரம் போக ஒரு விநாடிக்கு மேல் ஆகும். அந்த ஒரு விநாடி மானுடையது, அதற்குள் அது ஓர் அடி எடுத்து வைக்கலாம். நெஞ்சுக்குப் போட்ட கணக்கு வயிற்றில் விழும். இடையில் பள்ளத்தாக்கு இருந்தால் இந்தக் கரையில் ஒரு காற்று, அந்தக் கரையில் ஒரு காற்று. உங்கள் தராசில் காற்றை எப்படி நிறுப்பீர்கள்? அப்புறம், அந்த விரியும் முனை வேகம் இருந்தால்தான் விரியும். தூரத்தில் வேகம் குறைந்துபோனால் ஊசி மாதிரித் துளைத்துக்கொண்டு போய்விடும். மான் ஓடும், நாள் கணக்கில் சாகும். இவ்வளவு நுணுக்கமாக வேலை செய்கிறவருக்கு இது தெரியாதா என்ன? தெரிந்தும் ஆசை! எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

ஓரியை இழுக்காதீர்கள். புலவர் பாட்டில் அம்பு எத்தனை உடம்பை வேண்டுமானாலும் துளைக்கும். சங்கப் பாட்டில் வேறொரு வேட்டைக்காரனும் வருகிறான், அவனைப் பாருங்கள். தினைப்புனத்துக்கு வந்து, "என் அம்பு பட்ட மிருகம் இந்தப் பக்கம் வந்ததா?" என்று கேட்பான். இலக்கணத்தில் இதற்குக் கெடுதி வினாதல் என்று பெயர். பெண்ணிடம் பேச அவன் சொல்லும் சாக்குதான் அது, சரி. ஆனால் அந்தச் சாக்கு செல்லுபடியாக வேண்டுமென்றால், அடித்தவன் தேடிக்கொண்டு வருவான் என்பது ஊருக்கே தெரிந்த வழக்கமாக இருந்திருக்க வேண்டும் அல்லவா?

ஈயத்தை விட்டுவிடுங்கள். வேட்டைக்காரர்கள் விட்டுப்போன, அதன் துணுக்கு கிடந்த குடலைத் தின்று காண்டோர் கழுகுகள் செத்ததால், கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. முழுச் செம்பில் செய்யுங்கள். செம்பு லேசு, அதே எடைக்குக் குண்டு நீண்டுவிடும், அதைச் சுழற்றிவிடத் துப்பாக்கிக் குழலின் உள்வரி முறுக்கு போதாது என்று புலம்புவீர்கள். புலம்புங்கள். அதுவும் வேலைதானே.

புத்தகம் பற்றிக் கேட்டிருந்தீர்கள், இன்னொரு நாள் எழுதுகிறேன். அதற்கு முன் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டு, எதிர்ச்சரிவில் மான் நிற்குமென்று நீங்கள் நினைக்கிற இடம் வரை ஒருமுறை நடந்து பாருங்கள். சாயங்காலமாகக் கிளம்புங்கள். போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆனது, வெளிச்சம் மிச்சம் இருந்ததா என்று எனக்கு எழுதுங்கள்.