பழைய ரோடு சைக்கிளுக்கு எந்தக் கியர், எந்த லீவர்? கேள்வி பதில்

கேள்வி (தெம்பனிஸ், சிங்கப்பூர்): என்னிடம் 1980களில் ஜப்பானில் தயாரான எஃகு ரோடு சைக்கிள் இருக்கிறது. முன்னால் 52, 42 பற்கள்; பின்னால் 14 முதல் 24 வரை ஆறு கியர். ஈஸ்ட் கோஸ்ட்டில் சிரமமே இல்லை, மவுண்ட் ஃபேபரில்தான் முழங்கால் வலிக்கிறது. முன்பக்கத்தை 50, 34 பற்கள் (50-34) ஆக்கிவிடலாமா, அண்ணா?

பதில்: அவசரப்பட்டு முன்பக்கத்தில் கை வைக்க வேண்டாம். முன்னால் 42, பின்னால் 24 என்ற கியரில் பெடலை ஒரு சுற்று மிதித்தால் வண்டி ஏறக்குறைய 3.7 மீட்டர் நகரும். பின்னால் 14-28 ஃப்ரீவீல் (பின்சக்கரத்தில் திருகும் பற்சக்கரத் தொகுதி) போட்டால் அது 3.15 மீட்டராகக் குறையும், மேட்டில் மிதிப்பது இலகுவாகும். உங்கள் பின் டெரெய்லர் (செயினை ஒரு பற்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் கருவி) 28 பல்லை ஏற்குமா என்று மட்டும் முதலில் பார்த்துவிட்டால், செலவு ஒரு ஃப்ரீவீலோடும் சற்று நீளமான செயினோடும் முடிந்துவிடும்.

50-34 அப்படியல்ல. பெடல் பொருந்தும் கிராங்க்கில், முன் பற்சக்கரங்களைப் பிடிக்கும் போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 130 மில்லிமீட்டராக இருந்தால் 38 பல்லுக்குக் கீழே பொருந்தாது. இத்தாலிய நிறுவனமான கம்பாக்னோலோவின் பழைய கிராங்க்கில் உள்ள 144 மில்லிமீட்டர் வட்டத்தில் 41தான் எல்லை. ஆகவே கிராங்க்கையே மாற்ற வேண்டியிருக்கும். அதன்பின் 14-28 ஃப்ரீவீலும் வைத்தால், முன்னால் 16, பின்னால் 14 எனப் பல் வித்தியாசம் 30 ஆகிவிடுவதால், தொங்கும் செயினை இழுத்துப் பிடிக்க நீண்ட கூண்டுள்ள டெரெய்லரும் தேவைப்படும். மலேசிய மலைச்சாலைகளுக்குப் போகிறவருக்கு அது நியாயமான செலவு. இந்தத் தீவுக்குள் ஓட்டுபவருக்கு 28 போதும் என்பேன்.

கேள்வி (ஈசூன்): கியர் மாற்றும் லீவர் சட்டத்தின் கீழ்க்குழாயில் இருக்கிறது. பேருந்துகளுக்கு நடுவே குனிந்து கையை எடுக்கத் தயக்கமாக இருக்கிறது. பிரேக்கோடு சேர்ந்த ஷிஃப்டர் (கியர் மாற்றி) போடலாமா?

பதில்: ஷிமானோவின் அத்தகைய ஷிஃப்டர் 1990இல் எட்டு கியரோடு வந்தது, உங்கள் சைக்கிளோ பழையதென்றால், பின்சக்கரம் பொருந்தும் இடத்தில் ஆறு கியருக்கான 126 மில்லிமீட்டர் இடைவெளி கொண்டதாக இருக்கும். எஃகுச் சட்டத்தை 130க்கு விரிக்கலாம், அலுமினியத்தை விரிக்கவே கூடாது. விரிக்காமலே ஏழு கியர் ஃப்ரீவீல் போட்டு எட்டு கியர் ஷிஃப்டரால் இயக்குபவர்களும் உண்டு. பற்சக்கர இடைவெளி ஏழு கியரில் 5.0, எட்டு கியரில் 4.8 மில்லிமீட்டர் என நெருக்கமாக இருப்பதால் அது பெரும்பாலும் ஒத்துப்போகிறது.

ஆனாலும், ஹேண்டில்பார் முனையில் செருகும் உராய்வு லீவரையே (படிப்படியாக நில்லாமல், உராய்வால் வைத்த இடத்தில் நிற்பது) நான் பரிந்துரைப்பேன். கை ஹேண்டில்பாரை விட்டு விலகாது. எத்தனை கியர் என்ற கணக்கும் அதற்குப் பொருட்டல்ல.

கேள்வி (பொங்கோல்): நின்று மிதித்தால் கியர் தானாக மாறிவிடுகிறது.

பதில்: உராய்வு லீவராக இருந்தால், அதன் பக்கவாட்டுத் திருகு தளர்ந்திருக்கும், விரலால் அழுத்தினால் சற்றே முரண்டு பிடிக்கும் அளவுக்கு முறுக்குங்கள். உள்ளே உள்ள வளையங்களில் எண்ணெய் பட்டிருந்தால் துடைத்துவிடுங்கள், அங்கே உராய்வுதான் வேலை செய்கிறது. மாற்றவே கனமாக இருந்தால், பின் டெரெய்லருக்கு முன்னுள்ள சிறிய கேபிள் உறையைக் கழற்றிப் பாருங்கள். கடற்காற்றில் துரு அங்கேதான் முதலில் பிடிக்கும்.

கேள்வி (ஜூரோங்): பழைய பிரெஞ்சு சைக்கிளான பெஜோவுக்கு வாங்கிய ஃப்ரீவீலைத் திருகினேன், இரண்டு சுற்றோடு நின்றுவிட்டது.

பதில்: உடனே கழற்றுங்கள். பழைய பிரெஞ்சு மரை 34.7 மில்லிமீட்டர் விட்டமும் 1 மில்லிமீட்டர் இடைவெளியும் கொண்டது. இன்று கடையில் கிடைப்பது 1.37 அங்குல விட்டத்தில், அங்குலத்துக்கு 24 மரை உள்ளது. விட்டம் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் தொடக்கத்தில் பொருந்துவதுபோல் தோன்றும், வற்புறுத்தினால் ஹப்பின் (சக்கர மையத்தின்) மரை சிதைந்துவிடும். பிரெஞ்சு மரை ஃப்ரீவீலைப் பழைய பொருள் விற்பவர்களிடம் தேடுங்கள், இல்லையேல் பின்சக்கரத்தை மாற்றிவிடுங்கள்.