வாசகர் கேள்வி: மணற்பாறையில் ஏறுமுன்

கே: அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், இந்தியன் கிரீக்கில் உள்ள ‘சூப்பர்கிராக்’ வழியில் ஏறப் போகிறோம். ஒவ்வோர் அளவிலும் இரண்டு கேம்கள் (பாறை வெடிப்பில் செருகினால் விரிந்து கவ்வி, விழுபவரைக் கயிற்றோடு தாங்கும் கருவிகள்) வைத்திருக்கிறோம். போதுமா?

ப: போதாது. அங்குள்ள விங்கேட் மணற்பாறை நேர்க்கோடாகப் பிளந்து நிற்கும். வெடிப்பின் அகலம் நெடுந்தூரம் மாறவே மாறாது. அதனால் ஒரே அளவு கேம்தான் திரும்பத் திரும்பத் தேவைப்படும். சூப்பர்கிராக் 5.10 கிரேடு (அமெரிக்க ஏற்றக் கடின அளவு), சுமார் 30 மீட்டர். பெரும்பகுதி முழுக் கையும் நுழையும் அகலம். கேமலாட் என்ற கேம் வகையின் கணக்கில் நீல நிற 3-ஆம் எண்ணும் மஞ்சள் 2-ஆம் எண்ணும் சேர்த்துக் குறைந்தது எட்டு வேண்டும், நீலம் அதிகமாக இருக்கட்டும். அங்கே முகாமிட்டிருப்பவர்கள் ஒருவருக்கொருவர் கேம் இரவல் கொடுப்பது வழக்கம்தான், தயங்காமல் கேளுங்கள். 1976-ல் இதில் முதலில் ஏறியவர்களிடம் கேமே கிடையாது, ஹெக்ஸ் எனும் அறுகோண உலோகக் கட்டைகளைச் செருகித்தான் ஏறினார்கள்.

கே: நேற்று இரவு மழை. காலையில் பாறை காய்ந்துவிட்டதுபோல் தெரிகிறது. ஏறலாமா?

ப: ஏறாதீர்கள். வெயிலும் காற்றும் மேல்பரப்பைச் சில மணி நேரத்தில் காயவைத்துவிடும். உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். மணல் துகள்களை ஒட்டிவைத்திருக்கும் களிமண்ணும் சுண்ணாம்புச் சத்தும் நீர் பட்டால் இளகும். பிடித்த விளிம்பு கையோடு பெயர்ந்து வரும்.

கேம் வைத்த இடத்தில் ஆபத்து இன்னும் அதிகம். கயிற்றில் விழும் விசையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு அழுத்தத்தைக் கேம் ஒவ்வொரு பக்கச் சுவர்மீதும் செலுத்துகிறது. ஈரச் சுவர் அதைத் தாங்காமல் நொறுங்கும், கேம் வழுக்கி வெளியே வந்துவிடும். நீங்கள் தப்பினாலும் வெடிப்பின் ஓரம் என்றைக்கும் சிதைந்ததுதான்.

பாறையடியில் மண்ணைக் கையால் தோண்டிப் பாருங்கள். மேல்மண் காய்ந்து, விரல் ஆழத்தில் ஈரம் தட்டினால் அன்றைக்கு ஏற்றம் இல்லை. தூறலுக்கு ஒரு நாள், நல்ல மழைக்கு இரண்டு மூன்று நாள். நிழல் விழும் சுவருக்கும் குளிர்காலத்துக்கும் அதற்கு மேலும் ஆகும். விடுமுறை முடிகிறதே என்பதெல்லாம் காரணமே அல்ல.

கே: புறங்கை உரிந்து ரத்தம் வருகிறது. டேப் எப்படிச் சுற்றுவது?

ப: 3.8 செ.மீ. துணி டேப் வாங்குங்கள். புறங்கையும் விரல்முட்டிகளும் மூடவேண்டும், உள்ளங்கை திறந்தே இருக்கட்டும். முஷ்டியை மடக்கியபடி சுற்றுங்கள். விரித்தபடி சுற்றினால், மடக்கும்போது டேப் இறுகி ரத்த ஓட்டம் தடைபடும். ஆனால் தோல் உரிவதற்கு முக்கியக் காரணம் கை வெடிப்புக்குள் வழுக்குவது. கட்டைவிரல் மேலே இருக்கக் கையை நுழைத்து, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்குங்கள். கை புடைத்துச் சுவர்களில் பூட்டிக்கொள்ளும். பூட்டியபின் கையைத் திருக வேண்டாம். எடையைக் கால்களுக்குக் கொடுங்கள்: முழங்காலை வெளியே சாய்த்துப் பாதத்தைப் பக்கவாட்டில் நுழைத்து, முழங்காலை நிமிர்த்தினால் பாதம் இறுகும்.

கே: உச்சியில் உள்ள சங்கிலியிலேயே கயிற்றைக் கோத்து, எல்லோரும் மாறி மாறி ஏறலாமா?

ப: கூடாது. மணல் ஒட்டிய கயிறு சங்கிலி வளையங்களை அரம்போல் அறுக்கும். உங்கள் சொந்தக் காரபினர்களில் (திறந்து மூடும் உலோகக் கொக்கிகள்) கோத்து ஏறுங்கள். கடைசியாக இறங்குபவர் மட்டும் வளையத்தைப் பயன்படுத்தட்டும். கயிறு பாறை விளிம்பில் உரசினால் மணற்பாறையிலும் பள்ளம் விழும். காரபினர்கள் விளிம்புக்குக் கீழே தொங்கும்படி நீளமான ஸ்லிங் (தைத்த நாடா வளையம்) போட்டுவிடுங்கள்.