தெருவோர வாதுமை மரத்தின் கொட்டையைச் சாப்பிடலாமா? எப்படி உடைத்து எடுப்பது?

பள்ளி வளாகங்களிலும் தெருவோரங்களிலும் நிழலுக்காக நட்டு வளர்க்கும் 'பாதாம் மர'த்தின் கொட்டையைச் சாப்பிடலாமா, கடையில் விற்கும் பாதாமும் இதுவும் ஒன்றுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கடைப் பாதாம் ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்த மரத்தின் விதை. நம் தெருவில் நிற்பதோ நாட்டு வாதுமை; கடுக்காய், தான்றிக்காய், மருதம் ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்தது. தாவரவியலார் இதை டெர்மினாலியா கட்டாப்பா என்பார்கள். என் நாக்குக்கு இதன் பருப்புதான் கடைப் பாதாமைவிட மேல் என்று படுகிறது. பச்சையாகத் தின்னும்போது அதில் ஊறும் பால் சுவை, மாதக்கணக்கில் மூட்டையில் கிடந்து வரும் பாதாமுக்கு இருக்க வழியில்லை.

கொட்டை பொறுக்குவதற்கு முன் மரத்தை உறுதி செய்துகொள்வது அவசியம். நாட்டு வாதுமையின் கிளைகள் தண்டிலிருந்து அடுக்கடுக்காகக் கிடைமட்டத்தில் விரியும். இலைகள் பெரியவை, நுனிப் பக்கம் அகன்று காம்பை நோக்கிக் குறுகுபவை. உதிர்வதற்கு முன் செக்கச் சிவந்துவிடும். காய் சற்றுத் தட்டையாக, இருபுற விளிம்பிலும் மேடு கட்டியதாக இருக்கும். இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உதளை மரம். கடலோரத்திலும் உப்பங்கழிகளின் கரையிலும் வளரும் அந்த மரத்தின் காய் உருண்டையாகப் பச்சை மாங்காயின் தோற்றத்தில் இருக்கும். அதன் விதையில் உள்ள நஞ்சு இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடியது. பச்சையாக இருக்கும்போது உதளையைக் கண்டுபிடிப்பது எளிது, கிள்ளினால் வெள்ளைப் பால் வடியும். ஆனால் சதை அழுகி உதிர்ந்த பிறகு இரண்டு மரத்தின் கொட்டைகளுமே வெறும் நார்க்கூடுகளாகத்தான் கிடக்கும். ஆகவே கடற்கரையில் அலை ஒதுக்கிய நார்க்கொட்டைகளை ஒருபோதும் எடுக்காதீர்கள். வாதுமை மரத்தின் அடியில், அந்த மரத்திலிருந்தே விழுந்ததை மட்டும் எடுங்கள். குழந்தைகளை அழைத்துச் சென்றால் வேலியோரக் காட்டாமணக்கின் விதைகளையும் காட்டி, அவற்றை வாயில் வைக்கக் கூடாது என்று சொல்லிவையுங்கள். அவையும் சுவையாக இருப்பதால்தான் பிள்ளைகள் ஏமாந்து தின்றுவிட்டு வாந்தியும் வயிற்றுப்போக்குமாக மருத்துவமனைக்குப் போகிறார்கள்.

பொறுக்க ஏற்ற நேரம் அதிகாலை. பழந்தின்னி வௌவால்கள் இரவில் சதையைக் கடித்துத் தின்றுவிட்டுக் கொட்டையைக் கீழே போட்டிருக்கும். வௌவால் வாய் பட்டதை நான் எடுப்பதில்லை, முழுதாகக் கிடக்கும் பழங்களையே எடுப்பேன். சதையையும் தின்னலாம். மரத்துக்கு மரம் அது இனிக்கவும் செய்யும், துவர்க்கவும் செய்யும். அதன் சாறு துணியில் பட்டால் கறை போகாது என்பதால் பழைய சட்டையோடு போவது நல்லது. சதையை நீக்கி, கொட்டைகளைக் கழுவி, நார் வெளுத்து உலரும்வரை நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். ஈரக் கொட்டையை உடைத்தால் நார் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளுமே தவிர ஓடு பிளக்காது.

உடைப்பதில்தான் பலரும் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். கொட்டையைப் படுக்கவைத்து அடித்தால் ஓட்டோடு பருப்பும் கூழாகிவிடும். அதை விளிம்பில் நிற்கவைத்து, கீழ் விளிம்பு ஒரு கல்லின் குழிவில் பதியும்படி பிடித்துக்கொண்டு, மேல் விளிம்பில் சுத்தியலால் அளவாகத் தட்ட வேண்டும். கையால் பிடிக்கப் பயமாக இருந்தால் இடுக்கியால் பிடிக்கலாம். சரியான இடத்தில் அடி விழுந்தால் ஓடு நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கும். உள்ளே சுண்டுவிரலைவிட மெலிந்த பருப்பு, பழுப்புத் தோல் போர்த்திக் கிடக்கும். தோலை உரித்து மெல்ல அழுத்தினால் சுருட்டிய பாயைப் போல அதன் பருப்பிதழ்கள் விரிவதைப் பார்க்கலாம். தோலோடும் தின்னலாம், துவர்ப்பு மிகக் குறைவு.

இந்த உழைப்புக்குக் கிடைப்பது கொஞ்சம்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு கூடைக் கொட்டையிலிருந்து கைப்பிடிப் பருப்பு தேறினாலே பெரிது. பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவில் இதையே பெரிய பருப்புள்ள மரங்களாகத் தேர்ந்து வளர்த்து, பருப்பைச் சந்தையில் விற்கிறார்கள்; நம் ஊரில் யாரும் அப்படித் தேர்ந்தெடுக்காததால் ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது. இரண்டு மூன்று மரங்களின் கொட்டைகளை உடைத்துப் பார்த்து, பருப்பு பருத்த மரத்தைக் குறித்துவைத்துக்கொண்டால் அடுத்த காய்ப்பில் பாதி வேலை மிச்சம்.

பருப்பில் பாதிக்கு மேல் எண்ணெய் என்பதால் சீக்கிரம் காறிப்போகும். உடைத்த அன்றே தின்னாவிட்டால் வெறும் வாணலியில் சிறுதீயில் வறுத்து, ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். உடைக்காத கொட்டை அதைவிட நெடுநாள் கெடாது. தேவைப்படும்போது உடைப்பதே நல்ல வழி. வறுத்ததைப் பாயசத்தில் முந்திரிக்குப் பதிலாகப் போடலாம், குருமாவுக்குத் தேங்காயோடு அரைக்கலாம். முந்திரி, பாதாம் போன்றவை ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. மற்றவர்களும் முதல் நாள் ஓரிரு பருப்போடு நிறுத்திக்கொள்ளலாம்.