டிசம்பர் வந்தாலே வயிற்றில் புளியைக் கரைக்கிறதா?

கேள்வி: மூன்று துணிக்கடை கார்டு, ஒரு கிரெடிட் கார்டு, ஒரு பெர்சனல் லோன். மொத்தம் எவ்வளவு என்று எனக்கே தெரியாது, வருகிற கடிதத்தைப் பிரிக்கவே பயம். கணவருக்குப் பாதிதான் தெரியும். டிசம்பர் ஆனால் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து அவருடைய அண்ணன், தம்பி குடும்பங்கள் இரண்டு வாரம் எங்கள் வீட்டில்தான். கார்டைத் தேய்த்தே சமாளிக்கிறேன். என்ன செய்வது?
– வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: முதலில் அந்தக் கடிதங்களைப் பிரியுங்கள், சகோதரி. அதில் ஒன்று '129-ஆம் பிரிவு' என்று ஆரம்பித்தால் அதை ஒதுக்கவே கூடாது. தென்னாப்பிரிக்காவின் 2005-ஆம் ஆண்டு தேசியக் கடன் சட்டப்படி, அந்தக் கடிதம் வந்து 10 வேலை நாளாவது போகவேண்டும், தவணை தவறியும் 20 வேலை நாள் ஆகியிருக்கவேண்டும், அதன் பிறகுதான் கடன் கொடுத்தவர் கோர்ட்டுக்குப் போகமுடியும். அந்த இடைவெளியில்தான் நீங்கள் பேரம் பேசலாம், கடன் ஆலோசகரிடம் போகலாம். கடிதம் மேஜை டிராயரில் கிடந்தால் அந்த நாட்கள் சும்மா கரைந்துபோகும்.

அப்புறம், யாருக்கு எவ்வளவு கடன் என்று பதிவு வைத்திருக்கும் கிரெடிட் பீரோவில் வருடத்துக்கு ஒரு முறை உங்கள் அறிக்கையை இலவசமாக வாங்கலாம். அதைப் பார்த்து யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி என்று ஒரே தாளில் எழுதுங்கள். மனதில் நினைத்ததைவிடக் கூடுதலாகக்கூட வரலாம், ஆனால் தாளில் இருக்கிற தொகையைப் பற்றி போன் போட்டுப் பேசமுடியும், மனதில் இருக்கிற தொகையைப் பற்றி யாரிடம் பேசுவது?

துணிக்கடை ஸ்டேட்மென்டை வரிவரியாகப் படியுங்கள். இன்ஷூரன்ஸ், கிளப் கட்டணம் என்று நீங்கள் என்றோ தலையாட்டியது மாதாமாதம் ஏறிக்கொண்டிருக்கும், தேவையில்லாததை நிறுத்தச் சொல்லலாம். கணக்குப்படி அதிக வட்டியை முதலில் அடைப்பதுதான் லாபம். ஆனால் உங்களைப்போல் பயந்திருப்பவர்களுக்கு, மற்றவற்றுக்குக் குறைந்தபட்சத் தவணையைக் கட்டிக்கொண்டே, உள்ளதிலேயே சின்னக் கடனை முதலில் முடிப்பது நல்லது என்பேன். முடித்ததும் கணக்கையே மூடச் சொல்லுங்கள், கார்டைக் கத்தரித்தால் மட்டும் கணக்கு மூடிவிடாது.

தவணைகளே சம்பளத்தைத் தாண்டினால் கடன் மறுசீரமைப்பு இருக்கிறது, அதாவது ஆலோசகர் மூலம் தவணைகளை உங்களால் கட்டமுடிகிற அளவுக்கு மாற்றிக்கொள்வது. தேசியக் கடன் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்ற ஆலோசகரா என்று பார்த்துவிட்டுப் போங்கள். அது முடிந்து சான்றிதழ் கைக்கு வரும்வரை புதுக் கடன் கிடைக்காது, உங்களுக்கு அதுவும் நல்லதுதான்.

இனி விருந்தாளிகள். கணவரிடம் முழுக் கணக்கையும் காட்டுங்கள். பிறகு அவரே போன் செய்யட்டும், அவருடைய அண்ணன் தம்பிதானே! வரவேண்டாம் என்று சொல்லவேண்டியதில்லை, இறைச்சியும் பிரை (வெளியில் தணலில் இறைச்சி சுடும் விருந்து) செலவும் ஒரு வீடு, மளிகை ஒரு வீடு என்று பிரித்துக்கொள்ளலாம். குழந்தைகளுக்குக் கடற்கரை இலவசம்.

போன டிசம்பர் ஸ்டேட்மென்டை எடுத்துக் கூட்டுங்கள். 9,000 ராண்ட் வருகிறது என்று வையுங்கள், மார்ச்சிலிருந்து நவம்பர் வரை மாதம் 1,000 போட்டால் போதும். தனியாகச் சேர்க்க வராதென்றால் நம் சீட்டு மாதிரியே இங்கே ஸ்டாக்வெல் இருக்கிறதே, வருடக் கடைசி மளிகைக்கென்றே நடத்துகிறார்கள், நம்பிக்கையானவர்களோடு சேருங்கள். இன்னொன்று, பல இடங்களில் டிசம்பர் சம்பளம் நடு மாதமே வந்துவிடும். அதை வைத்து ஜனவரிக் கடைசிவரை ஓட்டவேண்டும், நடுவில் பள்ளிக்கூட யூனிஃபார்மும் நோட்டுப் புத்தகமும் வரும். தைப்பூசக் காவடிச் செலவும் அதை ஒட்டியே வரும்.

கேள்வி: வட்டிக்காரர் என் ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் வாங்கி வைத்திருக்கிறார். சரியா?
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: சட்டப்படி குற்றம். வங்கியில் அந்தக் கார்டை ரத்து செய்து புதிது வாங்குங்கள், இன்றைக்கே. பதிவு பெற்றவர்கூட சின்னக் குறுகியகாலக் கடனுக்கு மாதம் 5 சதவீதத்துக்கு மேல் வட்டி கேட்கமுடியாது, அதே வருடத்தில் அவரிடம் இரண்டாவது கடன் என்றால் 3 சதவீதம்.

கேள்வி: டிசம்பர் போனஸ் வந்ததும் பெர்சனல் லோனை மொத்தமாக முடிக்கலாமா?
– வாசகர், டோங்காட்

பதில்: தாராளமாக. 2,50,000 ராண்டுக்குக் குறைவான பெர்சனல் லோனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது, முடிக்கும் தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆனால் போனஸ் கொடுக்கவேண்டும் என்று இங்கே சட்டம் இல்லை. உங்கள் வேலை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திட்டம் போடுங்கள்.