விளக்கை அணைக்கும் நேரம்

அன்புள்ள ஐயா,

நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். பாட்டி எங்களோடு தங்க வந்துவிட்டதால், எட்டு வயதுத் தங்கையை என் அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஒன்பது மணிக்கே விளக்கை அணைக்கச் சொல்லி அழுகிறாள். எனக்கோ அதன் பிறகு பதினொன்று வரைதான் படிப்பு ஓடும். என் பொருள்களை எல்லாம் எடுக்கிறாள். அம்மா எப்போதும் அவள் பக்கம். அறையின் நடுவே பீரோவை நிறுத்தித் தடுத்துவிடலாமா?

ஒரு மாணவி, ஈரோடு

அன்புள்ள மகளுக்கு,

பீரோவை நிறுத்துவது உன் விருப்பம். மேசை இழுப்பறைக்கு ஒரு பூட்டு வாங்கிக்கொள். பொருள்களைப் பற்றிய வழக்கு அதோடு முடிந்தது. நான் எழுத உட்கார்ந்தது, தங்கை அழுகிறாள் என்று, ஏதோ அவளுடைய பிடிவாதத்துக்குச் சான்று காட்டுவதுபோல எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு வரிக்காகத்தான்.

6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் வரையறுத்தது. காலை ஆறுக்கு எழும் பிள்ளை இரவு ஒன்பதுக்கு உறங்கினால்தான் அதில் குறைந்த அளவாவது கிடைக்கும். அந்நேரத்தில் உனக்குத் தூக்கம் வராததும் உன் குற்றமன்று. உறக்கத்துக்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலடோனின், உன் பருவத்தில் இரவில் பிந்தித்தான் சுரக்கத் தொடங்குகிறது. ஆனால் விளக்கின் சுவிட்சு உன் கையில் இருக்கிறது. அவளால் கண்ணை மூடிக்கொள்ள மட்டுமே முடியும். மூடிய இமைக்குள்ளும் வெளிச்சம் புகும்.

நானும் என் தம்பியும் பத்துக்குப் பத்து அறையொன்றில் ஏழு ஆண்டுகள் படுத்தோம். என் தலைமாட்டில் 40 வாட் குண்டு பல்பு. செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி அதன்மேல் கட்டிவிட்டு, அவனுக்கு வெளிச்சத்தை மறைத்துவிட்டதாக நம்பி நள்ளிரவு வரை படித்தேன். தாள் பழுப்பேறிக் கருகும் நாற்றம் அறையை விட்டுப் போனதே இல்லை. அவன் ஒருநாளும் அணைக்கச் சொல்லவில்லை. சுவரோடு முகத்தை ஒட்டிக்கொண்டு படுத்துவிடுவான். வகுப்பில் தூங்கி விழுந்து அவன் வாங்கிய அடிகளைப் பற்றிக்கூட அம்மா பின்னாளில் சொல்லித்தான் அறிந்தேன். சென்ற மாதம் அவன் வீட்டில் தங்கியிருந்தேன். விளக்கே இல்லாத கூடத்தில், ஐம்பது வயதைக் கடந்த அந்த மனிதன் சுவர்ப்பக்கம் திரும்பி, மடித்த முழங்கையால் கண்களை மறைத்தபடி உறங்கிக்கொண்டிருந்தான். மறுநாள் அவன் மனைவியிடம் கேட்டேன். கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான் படுப்பார் என்றார்.

உன் தங்கை வாய்விட்டு அழுகிறாள். அதற்காக நீ நன்றி சொல்ல வேண்டும், அம்மாவிடம் புகார் சொல்லக் கூடாது. ஒன்பது மணிக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போ. பத்து மணிக்குத் திரும்பிவந்து, விளக்கைப் போடாமல் இருட்டில் தடவிப் படுக்கப் பழகு. உன் வயதுக்கும் 8 மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்பதால், பதினொன்று வரை விழித்திருந்து காலை ஆறுக்கு எழுவது உனக்கும் ஆகாது. கூடத்தில் தொலைக்காட்சி ஓடுகிறது என்பாயானால், இந்தப் பதிலை அம்மாவிடம் காட்டி, ஒன்பது மணிக்கு அதை நிறுத்தும்படி நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்.