எண்டோமெட்ரியோசிஸ்: என் மனைவி விலகிப் போவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 35, மனைவிக்கு 31. மொரீஷியஸில் ரோஸ்ஹில்லில் வசிக்கிறோம். திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லை. மாதவிலக்கு வந்தால் அவள் வலியில் சுருண்டுவிடுவாள். ஸ்கேனில் இடது சினைப்பையில் 4 செ.மீ. சாக்லேட் கட்டி இருப்பதாகச் சொல்லி, டயனோஜெஸ்ட் மாத்திரை கொடுத்தார்கள். ஐந்து மாதமாகச் சாப்பிடுகிறாள். மாதவிலக்கு நின்றுவிட்டதால் கெட்ட இரத்தம் உள்ளேயே தங்கிவிடும் என்று என் அம்மா பயப்படுகிறார். இரவில் தோளில் கை வைத்தாலே மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். குழந்தை வேண்டித் தைப்பூசக் காவடிக்கு நான் விரதம் இருந்த பத்து நாட்களில் மட்டும், கூடத்தில் நான் பாய் விரித்துப் படுத்திருக்க, அவளே தலையணையை எடுத்துக்கொண்டு வந்து அருகில் உட்கார்ந்து நள்ளிரவு வரை பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்மேல் அன்பு குறைந்துவிட்டதா, டாக்டர்?

பதில்: உங்கள் கடிதத்தில் அந்தப் பத்து நாட்களைப் பற்றிய வரிகளை நான் மீண்டும் படித்தேன். அன்பு குறைந்த பெண் தலையணையைத் தூக்கிக்கொண்டு கணவனைத் தேடி வருவதில்லை. விரத நாட்களில் உடலுறவு இருக்காது என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் அச்சமின்றி உங்கள் அருகில் வந்து அமர்ந்தார் என்று கருதுகிறேன். மற்ற நாட்களில் நீங்கள் கை வைத்தவுடனேயே, இது எங்கே போய் முடியுமோ என்று அவருடைய உடல் முன்கூட்டியே இறுகிவிடுகிறது. உறவின்போது அவருக்கு வலிக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. பல பெண்கள் கணவரிடம்கூட இதைச் சொல்வதில்லை என்பதால், நீங்கள் கேட்டிருக்கவும் அவர் சொல்லியிருக்கவும் வாய்ப்பு அமையாமல் போயிருக்கலாம்.

வலி எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்கிறேன். கருப்பையின் உட்புறத்தில் மாதந்தோறும் வளரும் சவ்வைப் போன்ற திசு, சினைப்பை, வயிற்றறையின் உட்சுவர், கருப்பையைத் தாங்கும் நார்கள், கருப்பைக்கும் மலக்குடலுக்கும் இடைப்பட்ட பள்ளம் ஆகிய இடங்களில் வளர்வதே எண்டோமெட்ரியோசிஸ். இது சினைப்பையில் வளர்ந்து, பழைய இரத்தம் சேர்ந்து உருவாவதுதான் உங்கள் மனைவிக்கு ஸ்கேனில் தெரிந்த சாக்லேட் கட்டி. ஈஸ்ட்ரோஜென் என்ற பெண் ஹார்மோனின் சுரப்புக்கு ஏற்ப அத்திசுவும் வீங்கிக் கசிந்து, சுற்றியுள்ள உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். அந்தப் பள்ளத்தில் நோய் இருந்தால், உறவின்போது ஆழத்தில் அழுத்தம் பட்டவுடன் கத்தியால் குத்துவதைப் போன்ற வலி ஏற்படும். சிலருக்கு அது மறுநாள் வரை நீடிக்கும். வலியை எதிர்பார்த்து இடுப்புத்தளத் தசைகள் தாமாகவே இறுகிக்கொள்வதால், நோய் கட்டுக்குள் வந்த பிறகும் சில காலம் வலி தொடர்வதுண்டு. ஸ்கேனில் தெரியும் கட்டியின் அளவைக் கொண்டு வலியின் அளவைத் தீர்மானிக்க முடியாது. கருவுறும் வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஆனால் "மாதவிலக்கு என்றால் வலிக்கத்தான் செய்யும்" என்று சொல்லிச் சொல்லியே நோயைக் கண்டறியப் பல ஆண்டுகள் கடந்துவிடுகின்றன.

பிரிட்டனில் இந்நோயோடு வாழும் 22 தம்பதிகளைக் கணவர் தனியாகவும் மனைவி தனியாகவும் சந்தித்துப் பேசிய ஓர் ஆய்வு, கணவர்களும் கவலையிலும் கையறு நிலையிலும் தவிக்கிறார்கள் என்பதையும், அவர்களுடைய மனநிலையை மருத்துவமனையில் யாரும் விசாரிப்பதில்லை என்பதையும் பதிவுசெய்தது. உங்கள் கடிதத்தில் தெரிவதும் அதே தவிப்புதான். ஆகவே நீங்கள் வருந்துவதில் தவறில்லை; அந்த வருத்தத்தை அவர்மேல் சுமத்தாமல் இருக்க வேண்டும்.

இருவரும் உடையோடு, பகலில், படுக்கையறைக்கு வெளியே அமர்ந்து இதைப் பேசுங்கள். "அடுத்த சில வாரங்களுக்கு நமக்குள் உறவு வேண்டாம், அருகில் இருந்தால் போதும்" என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள், விரத நாட்களில் இருந்த அந்த நிச்சயத்தை நீங்களே அவருக்குக் கொடுப்பதாக அது அமையும். சொன்ன சொல்லை ஒரு நாள்கூட மீறாதீர்கள். தலை கோதுவதும் முதுகு தடவுவதும் அதோடு முடிந்துவிடும் என்று அவருடைய உடல் நம்பத் தொடங்குவதற்குக் காலம் பிடிக்கும். மீண்டும் உறவுகொள்ள அவர் விரும்பும்போது, ஆழத்தையும் வேகத்தையும் அவரே தீர்மானிக்கும் நிலையைத் தேர்ந்தெடுங்கள். ஃபார்மசியில் கிடைக்கும் வழுவழுப்பு ஜெல்லைப் பயன்படுத்தலாம். "போதும்" என்று அவர் சொன்ன கணமே நிறுத்திவிட வேண்டும். இடுப்புத்தளத் தசைகளைத் தளர்த்தும் பிசியோதெரபியும் பலருக்கு உதவுகிறது.

உங்கள் தாயாரின் அச்சத்துக்கு வருகிறேன். டயனோஜெஸ்ட் சவ்வை வளரவிடாமல் தடுப்பதால், வெளியேற வேண்டிய இரத்தமே உருவாவதில்லை. மாதவிலக்கு நின்றதால் உள்ளே எதுவும் தேங்குவதில்லை. இதை மனைவி சொல்வதைவிட நீங்களே தாயாரிடம் சொல்வது நல்லது. ஆனால் இதே மாத்திரை சிலருக்கு மனச்சோர்வையும் உறவில் நாட்டக் குறைவையும் உண்டாக்கும். மனைவி வழக்கத்துக்கு மாறாக அழுதாலோ எதிலும் பிடிப்பின்றி இருந்தாலோ மருத்துவரிடம் தெரிவியுங்கள், மாற்று மருந்துகள் இருக்கின்றன.

இன்னொன்று, இதை யாராவது உங்களுக்கு விளக்கினார்களா என்று தெரியவில்லை. டயனோஜெஸ்ட் சாப்பிடும் காலத்தில் பெரும்பாலும் கருமுட்டை வெளிப்படாது. நீங்கள் குழந்தைக்காகக் காவடி சுமந்த நாட்களிலும் உங்கள் மனைவி, கருத்தரிக்கும் வாய்ப்பைப் பெரிதும் குறைக்கும் ஒரு மருந்தைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உங்கள் வேண்டுதலை நான் மதிக்கிறேன். அதனாலேயே இதை மறைக்க விரும்பவில்லை. இப்போதைக்கு வலியை அடக்குவதா, குழந்தைக்கு முயல்வதா என்று நீங்கள் இருவரும் மருத்துவருடன் அமர்ந்து முடிவெடுக்க வேண்டும். முயல்வதென்றால் மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்கும். நிறுத்தியபின் கருமுட்டை வெளிப்படுவது வழக்கமாக விரைவில் மீண்டுவிடும், வலியும் திரும்பலாம். கட்டியை அகற்றும் அறுவைசிகிச்சை சினைப்பையின் முட்டை இருப்பைக் குறைக்கக்கூடும் என்பதால், அதற்கு முன், அந்த இருப்பை மதிப்பிட உதவும் ஏ.எம்.எச். என்ற ஹார்மோன் இரத்தப் பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள். உங்கள் விந்தணுப் பரிசோதனையையும் உடனே செய்துகொள்ளுங்கள். நான்கு ஆண்டுகளாகப் பரிசோதனைகள் எல்லாம் மனைவிக்கு மட்டுமே நடந்திருந்தால் அது நியாயமில்லை. இந்நோய் உள்ள பெண்கள் பலர் இயல்பாகவே கருத்தரிக்கிறார்கள்.

திடீரென்று தாங்கமுடியாத அடிவயிற்று வலி, காய்ச்சல், மயக்கம் ஏற்பட்டால் மட்டும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். கட்டி வெடித்திருக்கலாம் அல்லது சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம்.

நம் மொரீஷியஸ் அரசு மருத்துவமனைகளில் கட்டணம் இல்லாததால், செலவை எண்ணித் தள்ளிப்போட வேண்டியதில்லை. மகளிர் நோய்ப் பிரிவுக்கு அடுத்த முறை அவர் செல்லும் நாளில் நீங்களும் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு உடன் செல்லுங்கள். எந்த நாளில் எவ்வளவு வலி, எத்தனை மாத்திரை என்று இருவரும் சேர்ந்து எழுதிய நோட்டுப்புத்தகம் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். மருத்துவர் கேட்பவற்றுக்கு முதலில் அவரையே பேச விடுங்கள். கூச்சத்தால் அவர் சொல்லாமல் விடுவதை, முன்கூட்டியே அவருடைய சம்மதம் பெற்று, நீங்கள் சொல்லுங்கள்.